கம்பிக்குள் ஒரு கியர்

எங்கள் பட்டறையை ஒரு பலகைத் தட்டி இரண்டாகப் பிரிக்கிறது. அந்தப் பக்கம் என் கணவருடையது. அங்கே வள்ளங்களின் எஞ்சின்கள், பெற்றோல் மணம், கறுத்த எண்ணெய். இந்தப் பக்கம் என்னுடையது. இங்கே மின்விசிறி மோட்டர்கள், நீர்ப்பம்பி மோட்டர்கள், செப்புக் கம்பி உருளைகள். எரிந்த மோட்டரைப் பிரித்து, கரிந்த கம்பியை உருவி எடுத்து, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பது என் தொழில். எங்கள் துறைமுக ஊரில், ஓர்ஸ் ஹில் பக்கம் வந்து "மோட்டர் சுத்துற அக்கா எங்க?" என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். நான் சுற்றிக் கொடுத்த மோட்டர் அதே கோளாறுடன் என்னிடம் திரும்பி வந்தது கிடையாது. இதைக் கொஞ்சம் அடக்கமாகச் சொல்லலாம்தான். அடக்கம் எனக்கு ஒத்துவருவதில்லை.

ஒருநாள் கப்பல்துறை என்ற ஊரிலிருந்து ஒரு சங்கீத ஆசிரியர் வந்தார். பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் சேர், அமைதியான மனிதர். கையில் சாப்பாட்டுப் பெட்டி. திறந்தால் உள்ளே சோறு இல்லை. கோழி முட்டையிலும் சிறிய ஒரு மோட்டர், பஞ்சில் பொதிந்து கிடந்தது.

"தங்கச்சி, இது மாதிரி விமானத்தின்ர மோட்டர். எரிஞ்சுபோச்சு. உங்களால ஏலுமோ?"

"ஏலாது எண்டு சொல்லுற பழக்கம் இஞ்ச இல்லை, சேர்."

வாய்தான் அப்படிச் சொன்னது. அவ்வளவு சின்ன மோட்டரை நான் அதுவரை தொட்டதே இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றி முடித்தேன். சேர் அதற்கு ஒரு பிளாஸ்டிக் புரொப்பெல்லரைப் பூட்டி, பற்றரியைக் கொழுவி, மெல்ல முடுக்கினார். என் கைக்குள் இருந்த அந்தச் சாமான் என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வாசலால் வெளியே போகப் பார்த்தது. நான் சிரித்தேன். சின்னப்பிள்ளை போலச் சத்தம் போட்டுச் சிரித்தேன். அன்றோடு எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது.

சேர் எனக்கு அவருடைய பழைய விமானத்தில் பறக்கவிடப் பழக்கினார். கொஞ்சக் காலத்தில் எனக்கென்று ஒன்று செய்யத் தொடங்கினேன். மீன் அடைத்துவரும், பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டிகளை வெட்டி, ஒட்டி, அரம் போட்டு, ஓர் ஆள் நீளத்துக்குச் செட்டை. வீடெல்லாம் வெள்ளைத் தூள். "சோறு காய்ச்சிற நேரத்தில செட்டை ஒட்டுறாள்" என்று என் கணவர் வருவோர் போவோருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் எனக்குச் சந்தோசம்தான். ஏனென்றால் அந்த நாட்களில் அவர் வாயைத் திறப்பதே அரிதாக இருந்தது.

அதற்கு முந்திய வருடம் அவருக்கு ஒரு விபத்து நடந்திருந்தது. மூடி கழற்றிய எஞ்சின் ஒன்றைக் கயிறு சுற்றி இழுத்துக் கிளப்பியபோது, சுழன்ற சக்கரம் கயிற்றோடு சேர்த்து அவருடைய வலது கையையும் பிடித்துக்கொண்டது. நடு விரலும் மோதிர விரலும் போயின. கை ஆறிவிட்டது. ஆள் ஆறவில்லை. ஸ்பானர்களுக்கு மேல் ஒரு படங்கை இழுத்து மூடிவிட்டு, வாசலில் கதிரையைப் போட்டு இருந்துவிட்டார். வலது கையை எப்போதும் இடது கக்கத்துக்குள் வைத்துக்கொள்வார். சல்லியிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் எஞ்சினோடு வந்தவர்களை வேறு இடம் பார்க்கச் சொல்லி அனுப்பினார். கொஞ்ச நாளில் அவர்களும் வருவதை விட்டுவிட்டார்கள். என் வருமானத்தில் வீடு ஓடியது, அதில் குறை இல்லை. ஆனால் இந்தத் துறைமுகத்தில் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லக்கூடிய மனிதர், போகிற வள்ளங்களைக் கதிரையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. ஏசிப் பார்த்தேன். அழுதும் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

விமானம் முடியும் தறுவாயில், சேர் வாங்கித் தந்த மோட்டரை மூக்கில் பூட்டிக்கொண்டிருந்தபோதுதான் என் கணவர் கதிரையை விட்டு எழும்பி வந்தார். சேர் எனக்குத் தந்திருந்த பிளாஸ்டிக் புரொப்பெல்லரை இடது கையால் தூக்கிப் பார்த்தார். பத்து அங்குலம்.

"உது என்ன, தலைக்குக் குத்துற கிளிப் மாதிரி? இவ்வளவு பெரிய செட்டையை உது இழுக்குமோ?"

"இழுக்கும். கணக்குப் பாத்துத்தான் போட்டனான்."

"கணக்கு! வள்ளம் பாரம் எண்டா பெரிய புரொப்பெல்லர் போடோணும். அது சின்னப்பிள்ளைக்கும் தெரியும்."

கணக்கு என்று நான் சொன்னது இதுதான். மின்சார மாதிரி விமானத்தில் மோட்டர், புரொப்பெல்லர், பற்றரி என்று மூன்று பேர் ஒரு வீட்டில் குடித்தனம் நடத்துகிறார்கள். மூவரும் ஒத்துப்போகவேண்டும். மோட்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. பற்றரி கொடுக்கும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் இத்தனை சுற்றுச் சுற்றியே தீருவேன் என்று நிற்கும். என் மோட்டருக்கு அது ஏறத்தாழ ஆயிரம். பற்றரி மூன்று செல். அந்த வேகத்தில் பத்து அங்குலப் புரொப்பெல்லரைச் சுழற்றினால் மோட்டர் சூடு தாங்கும். அதற்கு மேல் போனால் தாங்காது. புரொப்பெல்லர் கொஞ்சம் பெரிதானால் சுமையும் கொஞ்சம்தான் கூடும் என்று மனம் சொல்லும். அப்படி இல்லை, அது மடங்கு மடங்காக ஏறும்.

இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருப்பேன். ஆனால் மறுநாள் காலை தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. மரத்தைச் சீவும் சத்தம். ஒரு வருடமாக ஓய்ந்து கிடந்த பக்கம் அது. சுற்றிப் போய்ப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை, நான் எட்டிப் பார்த்தால் விட்டுவிடுவார் என்று பயம். நாள் முழுவதும் தட்டியின் இந்தப் பக்கமே இருந்து, ஒரு பம்பி மோட்டருக்குக் கம்பி சுற்றுவதுபோலப் பாவனை செய்துகொண்டு, காதை மட்டும் அங்கே விட்டிருந்தேன். இடையிடையே ஏதோ கீழே விழும், ஒரு கெட்ட வார்த்தை வரும், பிறகு திரும்பவும் சீவல் சத்தம். அந்தக் கெட்ட வார்த்தைகள் கேட்க எவ்வளவு இனிமையாக இருந்தன என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

பல நாள் கழித்து அதை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். தேக்குப் புரொப்பெல்லர். பதினான்கு அங்குலம். உடைந்துபோன என் கதிரையின் முதுகுச் சட்டத்தில் செய்தது. நடுவில் தடித்து, நுனிக்குப் போகப் போக மாவிலைபோல மெலிந்து, இரண்டு பக்கமும் ஒரே முறுக்கு. உடைந்த கண்ணாடித் துண்டால் வழித்து வழித்து மினுக்கியிருந்தார். நடுத் துளையில் ஊசியைக் கொடுத்துத் தூக்கினால் எந்தப் பக்கமும் சாயாமல் நேராக நின்றது. இடது கையால் சீவி, வலது கையின் மிச்ச விரல்களால் அழுத்திப் பிடித்து இதைச் செய்திருக்கிறார். நான் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

பெரிது என்று பார்த்த உடனே தெரிந்தது. மிகவும் பெரிது. ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல மனம் வரவில்லை. சாப்பிட்ட பிறகு பக்குவமாகச் சொல்லலாம் என்று குசினிக்குப் போனேன். சேர் அப்போதுதான் வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

வெங்காயம் தாளித்துக்கொண்டிருந்தபோது மணம் வந்தது. வார்னிஷ் கருகும் மணம். மோட்டர் சுற்றுகிறவளுக்கு அந்த மணம் எத்தனை வெங்காயத்தைத் தாண்டியும் வரும். அகப்பையோடு ஓடினேன்.

விமானத்தின் வாலில் கயிறு கட்டி, மீன் நிறுக்கும் வில் தராசில் கொழுவி, தராசை மேசைக் காலில் கட்டியிருந்தார்கள். எவ்வளவு இழுக்கிறது என்று பார்ப்பதற்கு என் கணவரின் ஏற்பாடு. தேக்குப் புரொப்பெல்லர் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. மோட்டரிலிருந்து புகை. அவருக்கு அது கண்ணில் படவேயில்லை. முகமெல்லாம் ஒளியாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பாத்தியே? தராசு முள்ளு எங்க போனது எண்டு பாத்தியே? என்ன இழுவை!"

"மனுசனே, மோட்டர் எரியுது!"

சேர் பற்றரியைப் பிடுங்கினார். "சுருதி இறங்கிக்கொண்டே போச்சு, தங்கச்சி. நிப்பாட்டுங்கோ எண்டு சொன்னனான்" என்றார் மெல்லிய குரலில். அவர் மோட்டரின் சத்தத்தை எப்போதும் பாட்டைப் போலத்தான் கேட்பார்.

என் கணவர் கரிந்த மோட்டரைப் பார்த்தார். பிறகு, உண்மையாகவே விளங்காமல் கேட்டார்.

"எஞ்சின் எண்டா, பாரம் கூடினா களைக்கும். வேகம் குறைஞ்சு கடைசியில நிண்டுபோகும். இது ஏன் நிக்கேல்ல?"

"இதுக்குக் களைக்கத் தெரியாது" என்றேன். "நீங்கள் எவ்வளவு பாரத்தைக் குடுத்தாலும், அவ்வளவுக்குக் கறண்டைப் பற்றரியிட்டக் கேட்டு வாங்கும். குடுக்கக் குடுக்க வாங்கும். கடைசியில தன்னையே எரிச்சுப்போடும்."

வேறு ஊரில் ஒருவர் இந்தப் பிழையை விட்டிருக்கமாட்டார். வள்ளத்தோடு வளர்ந்தவர்தான் விடுவார். பெரிய புரொப்பெல்லர் போட்டால் கூடிப்போனால் எஞ்சின் மூச்சுவாங்கும், ஒன்றும் எரியாது என்று கடலில் படித்த பாடம் அது. கடலில் அது சரிதான். அவருடைய அறிவில் பிழை இல்லை, அது வந்து சேர்ந்த இடம்தான் பிழை. இதைச் சொல்லியும் பார்த்தேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. கை மறுபடி கக்கத்துக்குள் போயிருந்தது.

மறுநாள் காலையில் அவர் புரொப்பெல்லரைக் கிடுக்கியில் இறுக்கி, இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டு, மரம் அறுக்கும் வாளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யிறீங்கள்?"

"பத்து அங்குலமா வெட்டுறன். அவ்வளவுதானே உன்ர மோட்டர் தாங்கும்?"

நுனிதான் அந்தப் புரொப்பெல்லரின் அழகு, வேலையும் அங்கேதான் இருந்தது. நுனியை வெட்டினால் மிஞ்சுவது முறுக்கிய மரக்கட்டை. எனக்கு மரக்கட்டையைப் பற்றிக் கவலை இல்லை. அவர் அதை வெட்டிவிட்டுப் போய் அந்தக் கதிரையில் இருந்தால், பிறகு எழும்பவே மாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. பிளாஸ்டிக் புரொப்பெல்லரோடு என் விமானம் எப்படியும் பறக்கும். ஆனால் அது பறப்பதற்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது.

வாளைப் பறித்துவிட்டேன்.

"விசரோ உனக்கு? மோட்டருக்கு ஏத்த புரொப்பெல்லர் போடோணும் எண்டு நேற்று முழுக்கக் கத்தினது நீதானே?"

"ஓம், நான்தான். இப்ப புரொப்பெல்லருக்கு ஏத்த மோட்டர் செய்யப்போறன்."

சொல்லிவிட்டேன். எப்படிச் செய்வது என்று அப்போது எனக்குத் தெளிவில்லை. என் வாய் எப்போதும் எனக்கு ஒரு முழம் முன்னால் போய் நிற்கும்.

பற்றரியைக் குறைத்துப் பார்ப்போம் என்றார் சேர். மூன்று செல்லுக்குப் பதிலாக இரண்டு செல் போட்டால் வோல்ட் குறையும், வோல்ட் குறைந்தால் சுற்றும் குறையும், பெரிய புரொப்பெல்லரை மெதுவாகச் சுழற்றலாம். நல்ல யோசனைதான். தன்னுடைய மோட்டரையே தந்து பரீட்சித்தார். தராசு முள் நன்றாகத்தான் நகர்ந்தது. ஆனால் அந்த மோட்டருக்குப் பெரிய புரொப்பெல்லரைத் திருப்பும் பலம் ஆம்பியரிலிருந்துதான் வரவேண்டும். வோல்ட் குறைந்தாலும் ஆம்பியர் போதிய அளவு குறையவில்லை. கொஞ்ச நேரத்தில் மோட்டரைத் தொட ஏலாது என்ற நிலை. பற்றரி அப்பளம்போல உப்பியது. நாங்கள் மூவரும் அதை மணல் வாளிக்குள் போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தோம். என் கணவர் வாளைத் தேடினார். வாள் என் அரிசிப் பானைக்குள் இருந்தது, அவருக்கு எங்கே கிடைக்கும்!

ஆக, மாறவேண்டியது மோட்டரின் பிடிவாதம். வோல்ட்டுக்கு ஆயிரம் என்று நிற்பதை அறுநூற்றுச் சொச்சத்துக்கு இறக்கவேண்டும். கம்பியின் சுற்றைக் கூட்டினால் மோட்டரின் வேகம் குறையும் என்பது என் தொழிலில் அரிச்சுவடி. எரிந்த மோட்டரைப் பிரித்தேன். உள்ளே சின்னச் சின்ன இரும்புப் பற்கள் பன்னிரண்டு. கரிந்த கம்பியை ஒவ்வொரு சுற்றாக எண்ணி எடுத்தேன். ஒரு பல்லுக்கு ஏழு சுற்று. தட்டியில் சோக்குக் கட்டியால் கணக்குப் போட்டேன். ஏழு இருந்த இடத்தில் பதினொன்று சுற்றினால் சரியாக வரும்.

வரும், ஆனால் இடம் வேண்டுமே. பற்களுக்கு இடையே உள்ள பள்ளம் அதே அளவுதான். கம்பி மெல்லியதானால் சூடேறும், தடித்ததானால் உள்ளே அடங்காது. பாவாடைக்கு நாடா கோப்பதுபோல ஒவ்வொரு சுற்றையும் நகத்தால் தள்ளித் தள்ளி அடுக்கவேண்டும். முதல் தடவை பாதிக்கு மேல் போன பிறகு இரும்பு விளிம்பு கம்பியின் பூச்சைச் சுரண்டிவிட்டது. முழுவதையும் உருவி எறிந்தேன். இரண்டாம் தடவை கம்பி கைக்குள் தளர்ந்து, கடைசிச் சுற்று அடங்காமல் வெளியே துருத்தியது. அதையும் எறிந்தேன். எறியும்போது சொன்ன வார்த்தைகளை எழுத ஏலாது.

தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் கணவர் வந்தார். என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"நீ ஒரு கையால பிடிச்சு ஒரு கையால சுத்துறாய். அதுதான் கம்பி தளருது. நான் பிடிக்கிறன், நீ ரெண்டு கையாலயும் சுத்து."

மோட்டரின் இரும்பை வலது கைப் பெருவிரலுக்கும் சுட்டு விரலுக்கும் இடையில் பிடித்தார். அந்தக் கையை என் மேசையில் வைத்து அவர் செய்த முதல் வேலை அது. நான் கம்பியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. ஒரு பல் முடிந்ததும் அடுத்ததைத் திருப்பித் தந்தார். இரும்பு இம்மியும் அசையவில்லை. எஞ்சின்காரர்களின் பிடி அப்படி.

நடுவில் கேட்டார்: "சுத்துக் கூடினா வேகம் கூடத்தானே வேணும்? எப்பிடிக் குறையும்?"

"உங்கட எஞ்சின்ர, தண்ணிக்குள்ள இறங்கிற காலுக்குள்ள கியர் இருக்கெல்லே? மேல எஞ்சின் வேகமாச் சுத்தும். கீழ புரொப்பெல்லர் மெதுவாச் சுத்தும், ஆனா பலமாத் தள்ளும். இதுக்குள்ள பல்லுச் சக்கரம் ஒண்டும் இல்லை. இதின்ர கியர் இந்தக் கம்பிக்குள்ளதான் இருக்கு. சுத்தைக் கூட்டினா வேகம் இறங்கும், ஒவ்வொரு ஆம்பியருக்கும் வாற பலம் ஏறும்."

அவர் குனிந்து கம்பியைக் கிட்டப் பார்த்தார்.

"அப்ப இவ்வளவு காலமும் நீ கியர் வேலைதான் செய்துகொண்டிருந்தனியோ?"

கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில், என் பக்கத்து வேலையை அவர் ஒரு வேலை என்று ஒத்துக்கொண்டது அன்றுதான். "வாயைப் பாக்காமல் பிடியுங்கோ" என்று அதட்டினேன். உள்ளுக்குள் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

வார்னிஷ் காய்ந்ததும் தராசில் கொழுவிப் பார்த்தோம். பழைய மூன்று செல் பற்றரி, தேக்குப் புரொப்பெல்லர். இந்தத் தடவை வீரிட்ட சத்தம் இல்லை. அடங்கிய ஓர் உறுமல். தராசு முள் போய் ஓர் இடத்தில் நின்றது. ஆம்பியர் காட்டும் மீற்றர் நான் சோக்கால் எழுதியதற்குக் கொஞ்சம் கீழேயே நின்றது. சேர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "சுருதி இறங்கேல்ல, தங்கச்சி. நிண்ட இடத்தில நிக்குது" என்றார். ஓடி முடித்த பிறகு மோட்டரைத் தொட்டேன். தேத்தண்ணிக் கோப்பையின் சூடு. பெருமையாக இருந்தது. நான் இதுவரை சுற்றிய எந்தப் பம்பி மோட்டருக்கும் அப்படி இருந்ததில்லை.

பறக்கவிடுவதற்கு மூதூருக்குப் போனோம். எங்கள் ஊரில் வானம் நிறைய இருக்கிறது, ஆனால் சீனன்குடாப் பக்கம் விமானப்படை, துறைமுகப் பக்கம் கடற்படை. எங்களைப் போன்றவர்கள் நிமிர்ந்து பார்க்கலாம், அவ்வளவுதான். மூதூரில் நெல்வயலும் வள்ளமும் உள்ள ஒருவர், என் கணவரின் பழைய வாடிக்கையாளர், அறுவடை முடிந்த தன் வயலைத் தந்தார். அண்ணன் முறையில் நாங்கள் அவரை நானா என்போம். உரிய இடங்களில் கேட்டு அனுமதியும் எடுத்திருந்தோம். ஓட்டோவுக்குள் நாங்கள் மூவர், செட்டை ஒரு பக்கத்தால் வெளியே. கிண்ணியாப் பாலத்தில் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது.

வயலில் நானாவும் அவருடைய ஆட்கள் சிலரும் நின்றார்கள். அந்த விமானத்துக்குத் தரையில் ஓடி ஏறச் சில்லு இல்லை, கையால்தான் எறியவேண்டும். எறிபவரின் கைக்கு மிகக் கிட்ட அந்தப் பதினான்கு அங்குலமும் சுழலும். இதை நான் வீட்டில் யோசிக்கவில்லை. வயலில் நின்றபோதுதான் உறைத்தது.

"சேர் எறியட்டும்" என்றேன்.

"ஏன்? நான் செய்ததை நான் எறியிறன்."

விமானத்தின் வயிற்றை வலது கையால் பிடித்துத் தூக்கினார். நான் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "முடுக்கு" என்றார். முடுக்கினேன். புரொப்பெல்லர் கண்ணுக்குத் தெரியாமல் போனது. அவருடைய முகத்தில் வெளிறல் ஒன்று வந்து போனதை நான் கண்டேன். கை அசையவில்லை. நாலைந்து அடி ஓடி, நெஞ்சு நிமிர்த்தி, எறிந்தார்.

அது விழவில்லை. விழுவதற்கு நினைக்கவும் இல்லை. கடற்காற்றுக்கு மூக்கைக் கொடுத்து, அவசரப்படாமல் ஏறிக்கொண்டே போனது. பிளாஸ்டிக் புரொப்பெல்லரோடு சேரின் விமானம் நுளம்புபோலக் கத்தும். இது கத்தவில்லை. தாழ்ந்த குரலில் ஒரே சீராக முணுமுணுத்துக்கொண்டு, வயலைச் சுற்றி, தென்னைகளுக்கு மேலால் திரும்பி, எங்கள் தலைக்கு மேல் வந்தது. பாதி முடுக்கிலேயே போதும் போதும் என்றது. நானாவின் ஆட்கள் விசிலடித்தார்கள். என் கணவர் கழுத்தை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அழவேண்டும்போல இருந்தது, ஆனால் பறக்கவிடுகிறவள் அழ ஏலாது, கண் மங்கினால் விமானம் போய்விடும்.

இறக்குவதுதான் சிக்கல். வயிற்றால் இறங்கும் விமானம். புரொப்பெல்லர் நிமிர்ந்து நின்றால் கீழ் நுனி முதலில் தரையில் குத்தும், தேக்கு முறிந்துவிடும். மோட்டரை நிறுத்தியபடி தாழ வந்தேன். புரொப்பெல்லர் நேர் மேலும் கீழுமாக நின்றது. "படுக்க வை! படுக்க வை!" என்று அவர் கத்தினார். ரிமோட்டின் முடுக்கை விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி நிமிர்ந்தே நின்றது. தரை கிட்ட வந்துவிட்டது. மறுபடி ஏற்றி, ஒரு வட்டம் அடித்து வந்தேன். இரண்டாம் தடவை தட்டியபோது சரிந்து நின்றது. இன்னும் ஒரு சின்னத் தட்டு. படுத்தது. நெல் அடிக்கட்டைகளில் சர சரவென்று உரசிக்கொண்டு போய் விமானம் நின்றது.

அவர்தான் முதலில் ஓடினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முழங்காலிட்டுப் புரொப்பெல்லரின் நுனியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வைக்கோல் சுற்றியிருந்தது. வேறு ஒரு கீறலும் இல்லை. மோட்டரைத் தொட்டார். "சுடேல்ல" என்றார் என்னைப் பார்த்து. "உன்ர கம்பி சுடேல்ல."

நானா குனிந்து பார்த்தார்.

"இந்தச் சாமான் எங்க வாங்கின? நல்ல வடிவான வேலை."

"வாங்கினதில்லை நானா. நான் செதுக்கினனான்."

நானாவின் கண் அவருடைய வலது கைக்குப் போனது. "இந்தக் கையாலயா?"

"ஓம். வேற கைக்கு எங்க போறது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கையை மறைக்கவில்லை, விமானத்தின் முதுகிலேயே வைத்திருந்தார். நானா கொஞ்சம் தயங்கினார்.

"என்ட வள்ளத்து எஞ்சின் கொஞ்ச நாளா நடுங்குது. உங்களிட்ட வரத்தான் நினைச்ச. நீங்க வேலைய விட்டுட்டீங்க எண்டு சொன்னாங்க."

"ஆர் சொன்னது?" என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. உண்மையான கோபம். "ஆர் சொன்னது, நானா? நாளைக்குக் கொண்டு வாங்கோ. வெள்ளனக் கொண்டு வாங்கோ, பிந்தினா எனக்கு ஏலாது. வேலை தலைக்கு மேல கிடக்கு."

வேலை ஒன்றும் கிடக்கவில்லை. ஒரு வருடமாக ஓர் எஞ்சின்கூட அந்தப் பக்கத்துக்கு வரவில்லை. அது எனக்கும் தெரியும், சேருக்கும் தெரியும். வாய் அடங்காத நான் அன்று ஒரு சொல் பேசவில்லை. குனிந்து செட்டையின் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பொய்க்குப் பெருமைப்பட்ட அளவுக்கு, அவர் சொன்ன எந்த உண்மைக்கும் நான் பெருமைப்பட்டதில்லை.